வால் கனத்த விமானம்



சூலூர் பக்கம் தேஜஸ் விமானம் பறப்பதைப் பார்த்துவிட்டு வரும் நம் வேலம்பாளையத்துப் பிள்ளைகள், தெர்மாகோலில் ஒன்று செய்ய உட்காருவதுண்டு. உறுதிக்கென்று பசையும் டேப்பும் சுற்றியதில் பெரும்பாலும் வால் கனத்துவிடும். இறக்கையின் அடியில், முன்விளிம்பிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இரு விரல்நுனியில் தாங்கிப் பார்த்தாலே தெரியும். அப்படியே பறக்கவிட்டால் மூக்கைத் தூக்கும், வேகம் குறையும், பொத்தென விழும்.

மூக்கில் ஈயக்கட்டி ஒட்டுவதுதான் சட்டென்று தோன்றும் வழி. ரைட் சகோதரர்களே 1904-இல் தங்கள் விமானத்தின் முன்பக்கம் 70 பவுண்டு, அதாவது சுமார் 32 கிலோ, இரும்பு கட்டினார்கள். சமநிலை கூடும்தான், ஆனால் அந்த இரும்பையும் எஞ்சின்தானே சுமக்க வேண்டும்? தாங்கும் புள்ளியிலிருந்து மூக்கைவிட வால் மூன்று மடங்கு தள்ளி இருந்தால், வாலில் 10 கிராம் குறைப்பது மூக்கில் 30 கிராம் ஏற்றுவதற்குச் சமம். பேட்டரியை முன்னே நகர்த்தலாம், வாலைச் சுரண்டலாம். ஈயம் கடைசியில்தான்.

வீட்டுக் கணக்கில் நாம் ஈயத்தையே முதலில் எடுக்கிறோம். புதுநன்மை விருந்துக்கு மண்டபம் பிடித்துக் கடன். அதன் வட்டிக்கு இன்னொரு குழுக்கடன். அதை அடைக்க பனியன் கம்பெனியில் தினமும் ஒன்றரை ஷிப்ட். யாருக்காக விருந்து வைத்தோமோ அந்தப் பிள்ளை இரவு வெகுநேரம் கதவைத் தாழிட்டுத் தனியே இருக்கிறது. ஓட வேண்டியவர் சுமையை இறக்கட்டும் என்றுதான் எபிரேயர் திருமுகம் 12-ஆம் அதிகாரம் சொல்கிறது. அடுத்த புதுநன்மைக்கு மண்டபம் வேண்டுமா என்று இன்றிரவே வீட்டில் பேசுவோமா?