எமனையே மடக்கிய மருதாயி

பேரணாம்பட்டுப் பெரியோர்களே, தாய்மார்களே, டேனரி வேலை முடிந்து குளிக்கக்கூட நேரமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கும் தோழர்களே!

இலக்கிய மேடையில் சாவைப் பற்றி என்ன பேச்சு என்று ஒருவர் கேட்டாராம். புதுமைப்பித்தன் பேசவில்லையா? ‘காலனும் கிழவியும்’ படித்தவர்கள் கை தூக்குங்கள்! பத்துப் பேர் தேறும். பரவாயில்லை, சென்னையில் கேட்டால் இதுவும் தேறாது.

எருமை ஏறி எமன் வருகிறான். மருதாயிக் கிழவிக்கு நேரம் முடிந்ததாம். நாமாயிருந்தால் காலில் விழுவோம். அவள் கேட்கிறாள்: என் உசுரைத்தானே கொண்டுபோவே, உடம்பைத் தூக்கிட்டுப் போவியா? ஒண்ணை இன்னொண்ணா மாத்துவே, அடியோட இல்லாம ஆக்குவியா? எமனிடம் பதில் இல்லை. வெறுங்கையோடு கிளம்புகிறான்!

எழுதியவரோ 1948-ல் காசநோயில் போனார், 42 வயதில். காலன் பழிவாங்கினான் என்று சொன்னால் நீங்கள் கைதட்டுவீர்கள். சொல்ல மாட்டேன். அந்த நோய்க்கு மருந்து 1943-லேயே அமெரிக்காவில் கண்டுபிடித்தாயிற்று. மருந்துள்ள நோயை விதி என்பதா?

இதே திடலில் ஒரு பெருமகன், பேர் சொல்லி அவரைப் பெரிய ஆளாக்க மாட்டேன், ‘எல்லாம் தலையெழுத்து, வள்ளுவரே ஊழ் என்று எழுதினார்’ என்றார். ஐயா, ஊழ் 38-வது அதிகாரம். அதோடு புத்தகத்தை மூடிவிட்டீர்கள்! 62-க்குப் போயிருந்தால், சோராமல் உழைப்பவன் ஊழையே புறமுதுகிட வைப்பான் என்று வள்ளுவர் சொன்னது தெரிந்திருக்கும்.

2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் செத்தார்களே, பெரும்பாலும் மேற்கு வங்கத்துப் பிள்ளைகள், அதையும் பிரம்மன் எழுதினானா? சுவரைக் கட்டியவன் எழுதினானா?

தொட்டிக்குள் விஷவாயு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு ஏறினால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றது என்று நம்பி ஆள் இறங்குவான். இறங்கச் சொல்கிறவனுக்கு இது தெரியும், தோழர்களே! முன்கூட்டித் தெரிந்த சாவு!

செயலாளர் சீட்டு அனுப்புகிறார். அனுப்பட்டும், பையில் இடமிருக்கிறது.

நம்ம ஊரில் ஒருவர். மேஸ்திரி ‘இறங்குடா’ என்றதும் ‘மாட்டேன்’ என்றார். வேலை போயிற்று. ஆள் இருக்கிறார், இதோ நாலாவது வரிசையில்! பாய், எழுந்து நில்லுங்கள், ஊர் பார்க்கட்டும். சால்வை காத்திருக்கிறது, மேலே வாங்க!

தலையை ஆட்டுகிறார், பாருங்கள். அதுக்கும் மாட்டேனாம்!