கொல்லிமலைக்கு இரண்டு எழுத்துக்கூட்டு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புரோகிராம் எழுதுகிறவர்கள் அதை எப்படிச் சோதிப்பது என்று பேசச் சொன்னார்கள். தலைப்பைக் கேட்டதுமே பின்வரிசையில் சிலர் எழுந்திருக்கிறீர்கள். கேண்டீன் இன்னும் திறக்கலைங்க, உட்காருங்க.

நம்ம ஊர் ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளிக்கிழங்கு லோடு வந்தால் என்ன செய்வார்கள்? எடை போடுவார்கள். மாதிரிக்குக் கொஞ்சம் கிழங்கு எடுத்துப் பாயிண்ட் பார்ப்பார்கள். மாவுச்சத்து எத்தனை பாயிண்ட்டோ அதற்கேற்ற விலை. அதே காட்டுக் கிழங்கு நேற்று 28 காட்டியது என்பதற்காக இன்றைக்குப் பார்க்காமல் விடமாட்டார்கள்.

அப்படி ஓர் ஆலைக்கு, விவசாயிகளுக்குப் பணப்பட்டியல் போடும் புரோகிராமை எழுதிக் கொடுத்தேன். டெஸ்ட்டும் எழுதியிருந்தேன், அதில் எனக்குக் கர்வம் வேறு. பைத்தானில் பைடெஸ்ட் என்று ஒன்று உண்டு. டெஸ்ட் என்ற பெயரில் தொடங்கும் ஃபங்ஷன்களைத் தானே தேடிப் பிடித்து ஓட்டும். நாம் ‘அசர்ட்’ போட்டுச் சொன்னது பொய்யானால் எந்த வரியில், என்ன மதிப்பு வந்தது என்று காட்டும். எனக்கு எல்லாம் பாஸ். கவரேஜ் 100 சதவீதம்.

முதல் வாரப் பட்டியலில் கொல்லிமலை லோடு ஒன்றுகூட இல்லை.

70 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஒரு பெரியவர் வந்தார். எடைச்சீட்டை மேஜையில் வைத்தார். “பாயிண்ட் பார்த்தப்ப நான் பக்கத்துலயே நின்னேன். உங்க கம்ப்யூட்டர்ல மட்டும் நான் இல்லீங்களா?” என்றார். அடுத்த நடவுக்கு ஆள்கூலி கொடுக்க வைத்திருந்த கணக்கு அது. எனக்குப் பதில் வரவில்லை.

ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம் எல்லாம் சரியாக இருந்தன. கொல்லிமலை மட்டும் ஏன்? இரண்டு ராத்திரி போனது. யூனிகோடில் ‘கொ’வை இரண்டு விதமாக எழுதலாம். க-வுடன் ஒகரக் குறி ஒன்றே ஒன்று. அல்லது க, ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுதான். மெஷினுக்கு முதலாவது கொல்லிமலையில் 9 குறியீடு, இரண்டாவதில் 10. ஆலையின் ஊர்ப்பட்டியல் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியது, இரண்டாவது விதம். அலுவலகத்தில் புதிதாக அடித்தது முதலாவது. இரண்டும் பொருந்தாததால் அந்த லோடுகள் சத்தமில்லாமல் உதிர்ந்துவிட்டன.

கவரேஜ் 100 என்றேனே, அது எழுதிய வரிகள் ஓடினதா என்பதற்கு மட்டும்தான் கணக்கு. என்ன தரவு போட்டு ஓட்டினோம் என்பதை அது கேட்காது. நான் போட்டது ஆங்கிலத்தில் ‘ஏபிசி’, ‘டெஸ்ட் ஒன்’. அதோடு, ஊர்ப்பட்டியலைத் தனியாகவும் லோடுக் கணக்கைத் தனியாகவும் சோதித்தேன். இரண்டையும் சேர்த்து ஒரு தடவைகூட ஓட்டவில்லை. தப்பு இருந்ததோ சேரும் இடத்தில்.

திருத்துவதற்கு முன்னால் அந்தத் தப்பையே ஒரு டெஸ்டாக எழுதினேன். இரண்டு கொல்லிமலையும் சமம் என்று அசர்ட் போட்டதும் சிவப்பு காட்டியது. அதற்குப் பிறகுதான் பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் நார்மலைசேஷன் வரியைச் சேர்த்தேன். பச்சை. மோகனூரையும் போட்டுப் பார்த்தேன், ஓகாரத்திலும் அதே வம்பு உண்டு என்பதால். பாக்கிப் பணத்தை ஆலை அந்த வாரமே கொடுத்துவிட்டது. அந்த டெஸ்ட் இன்றும், யார் எந்த வரியை மாற்றினாலும், கூடவே ஓடுகிறது.

இந்தப் பழக்கத்தைப் பரப்பியதில் ஜேயூனிட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. கென்ட் பெக்கும் எரிக் காமாவும் 1997-ல் சூரிக்கிலிருந்து அட்லாண்டா போகும் விமானத்தில் உட்கார்ந்து அதை எழுதினார்கள். நாம் பஸ்ஸில் தூங்குகிறோம், அது வேறு விஷயம்.

ஒன்று பாக்கி இருக்கிறது. ‘கௌரி’யில் வரும் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ‘ள’வும் அடிக்கிறவர்கள் ஏராளம். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் யூனிகோடுக்கு அது வேறு சொல், நார்மலைசேஷன் அதைத் தொடாது. ‘ள’ எல்லாவற்றையும் மாற்றினால் ‘கெளுத்தி’ மீன் கெட்டுப்போகும். அதற்கு எழுதிய டெஸ்ட் என்னிடம் இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டர் லேபில் இருப்பேன், கை வைத்துப் பார்க்க ஆசையுள்ள தம்பி தங்கைகள் வரலாம்.