காய்ச்சலும் கூலியும்
(தொழிற்சங்க ஊழியர் வகுப்பில் ஆற்றிய உரை)

கொள்ளைநோய் வந்தால் இரண்டு விதமான பேச்சு கிளம்புகிறது. “எல்லாம் தலைவிதி, நம் கையில் என்ன இருக்கிறது?” என்பது ஒன்று. “ஜனங்களுக்கு ஒழுங்கில்லை, அதனால்தான் நோய் பரவுகிறது” என்பது மற்றொன்று. முதலாவது நம்மைக் கைகட்டி உட்கார வைக்கிறது. இரண்டாவது, பழியை ஏழையின் தலையில் போட்டுவிட்டு ஒதுங்கிக் கொள்கிறது. இரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை.

2018 மே மாதத்தில் கேரளத்தின் கோழிக்கோடு ஜில்லாவில் நிபா நோய் பரவியதை எடுத்துக் கொள்வோம். பழந்தின்னி வௌவாலிடம் இருக்கும் வைரஸ் அது. மனிதனுக்கு வந்துவிட்டால், நோயாளியின் எச்சிலும் இருமலும் அருகிலிருப்பவரைத் தொற்றும். முதலில் நோயுற்ற இளைஞரைக் கவனித்த உறவினர்களுக்கும், வேறு நோயாளிகளுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தவர்களுக்கும் அது பரவியது. அந்த இளைஞருக்குப் பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரியில் பணிவிடை செய்தவர் நர்ஸ் லினி. அது நிபா என்று அப்போது எவருக்கும் தெரியாது. மே 21 அன்று அவர் உயிர் நீத்தார். மொத்தம் 17 பேர் மாண்டனர்.

ஆனாலும் ஜூன் மாதத்துக்குள் நோய் அடங்கிவிட்டது. தடுப்பூசி இல்லாத நோய் எப்படி அடங்கியது? நோயாளியுடன் பழகியவர்கள் 2,000 பேருக்கு மேல் ஒருவர் விடாமல் கணக்கெடுக்கப்பட்டனர். அவர்கள் 21 நாட்கள் வீட்டிலேயே இருந்தனர். இறந்தவரைத் தொட்டுக் குளிப்பாட்டும் சடங்கைக்கூட உறவினர்கள் விட்டுக்கொடுத்தனர். வைரஸ் தாவிச் செல்ல அடுத்த ஆள் கிடைக்கவில்லை; சங்கிலி அறுந்தது. தனி மனிதனின் செய்கைக்கு இவ்வளவு வலிமை உண்டு.

ஆனால் 21 நாட்கள் வீட்டில் கிடந்தால் அடுப்பு எரிவது எப்படி? இதைத்தான் நாம் கேட்க வேண்டும். அங்கே இடது ஜனநாயக முன்னணி சர்க்கார், கண்காணிப்பில் இருந்த குடும்பங்களுக்கு அரிசியும் பலசரக்கும் கொடுத்தது. கட்டுப்பாடு நிலைத்ததற்கு அந்த அரிசியும் ஒரு காரணம்.

இதற்கு மாறான காட்சியை 2020இல் பார்த்தோம். மார்ச் 24 இரவு 8 மணிக்கு மத்திய சர்க்கார் ஊரடங்கை அறிவித்தது. நள்ளிரவில் அது அமலுக்கு வந்தது. இடையே 4 மணி நேரம்! கூலியும் இல்லை, சோறும் இல்லை. லட்சக்கணக்கான தொழிலாளர்கள் குழந்தைகளைத் தோளில் சுமந்து நூற்றுக்கணக்கான மைல் நடந்தார்கள். அவர்களுக்கு ஒழுங்கு தெரியாதா? பசித்தவன் நடந்தான், அவ்வளவே.

தோழர்களே! நமது பொறுப்பை நாம் தட்டிக்கழிக்கவில்லை. கொரோனா, காய்ச்சல் காணுமுன்பே சுமார் இரண்டு நாட்கள் பிறருக்குத் தொற்றக்கூடியது. ஆகவே “எனக்கு ஒன்றுமில்லையே” என்று சொல்லி, கூட்டத்தில் வாய் மூடாமல் இருமுகிறவர், பக்கத்தில் நிற்கும் சக தொழிலாளியின் வீட்டுக் கிழவியை ஆபத்தில் தள்ளுகிறார். வேலைநிறுத்தத்தில் ஒருவர் உள்ளே போனால் எல்லோருக்கும் நஷ்டம் என்பதை அறிந்த நமக்கு இது புரியாததல்ல.

ஆனால் காய்ச்சலோடு சாரம் ஏறுகிற கட்டிடத் தொழிலாளியிடம் “வீட்டில் இரு” என்று சொல்ல வாய் மட்டும் போதாது. இ.எஸ்.ஐ.யில் பதிவானவர், தகுதியிருந்தால், நோய்க்காலத்தில் கூலியில் 70 சதவீதத்தை ஆண்டுக்கு 91 நாட்கள் வரை பெறலாம். வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும், தினக்கூலி விவசாயத் தொழிலாளிக்கும் அந்தப் பாதுகாப்பு எங்கே?

எனவே நாம் இரண்டு வேலைகளைச் சேர்த்தே செய்ய வேண்டும். காய்ச்சல் கண்ட தோழரை வேலைத்தலத்திலிருந்து வீட்டுக்கு அனுப்புவோம். அவர் வீட்டு அரிசிக்குச் சங்கம் பொறுப்பேற்கட்டும். அதோடு நின்றுவிடாமல், நோய்க்காலக் கூலியை நமது கோரிக்கைப் பட்டியலின் முதல் வரியில் எழுதிப் போராடுவோம்!