நாம் பணம் கட்டிய நூலகம்

(சங்க அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பத்து நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஆகையால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பெங்களூரில் சொந்த வீடு உள்ளவர்கள் ஐந்து சதவீதத் தள்ளுபடிக்காக ஏப்ரல் மாதமே முந்திக்கொண்டு சொத்து வரி கட்டிவிடுவோம். அந்த ரசீதை ஃபைலில் போடுமுன் நிதானமாகப் படித்தவர்கள் எத்தனை பேர்? வரிக்கு மேல் 'செஸ்' என்று ஒரு தொகை இருக்கும். பி.பி.எம்.பி. காலத்தில் பல வருஷம் அது 24 சதவீதம். சுகாதாரத்துக்கு 15, நூலகத்துக்கு 6, பிச்சைக்காரர் நிவாரணத்துக்கு 3. அதாவது 10,000 ரூபாய் வரி கட்டுகிற வீட்டுக்காரர் அதற்கு மேல் 600 ரூபாய் நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறார். 2025 செப்டம்பரில் பி.பி.எம்.பி. போய் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. ஆனால் நூலக செஸ் என்பது 1965-ஆம் வருஷத்து கர்நாடக பொது நூலகச் சட்டத்திலேயே உள்ள ஏற்பாடு. வாடகை வீட்டில் இருப்பவர்களும் தப்பவில்லை. வீட்டுக்காரர் அதையும் சேர்த்துத்தானே வாடகை சொல்கிறார்!

பணம் கட்டிவிட்டோம். பொருளை வாங்கிக்கொண்டோமா? இதுதான் இன்று உங்கள் முன் நான் வைக்கிற கேள்வி.

இந்த ஏற்பாட்டின் பின்னால் நம்மவர் ஒருவர் இருக்கிறார். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-இல் நூலக இயலுக்கு ஐந்து விதிகள் வகுத்தார். புத்தகம் இருப்பது உபயோகிப்பதற்கே என்பதுதான் முதல் விதியின் சாரம். நூலகம் நடக்கத் தர்ம சிந்தனை மட்டும் போதாது, சட்டமும் நிரந்தர வருமானமும் வேண்டும் என்று பல வருஷம் பாடுபட்டார். அதன் பலன் சென்னையில் 1948-ஆம் வருஷத்து நூலகச் சட்டம். இங்கே 1965-இல் வந்த சட்டத்தின் வரைவிலும் அவருக்குப் பங்கு உண்டு. கடைசிக் காலத்தைப் பெங்களூரில் கழித்தார். 1962-இல் இங்கே டி.ஆர்.டி.சி. என்ற நூலகப் பயிற்சி ஸ்தாபனத்தை ஆரம்பித்து, 1972-இல் இங்கேயே காலமானார்.

இன்னொருவர், பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த சேஷாத்ரி ஐயர். 1883 முதல் 1901 வரை மைசூர் திவானாக இருந்தவர். கப்பன் பார்க்கில் உள்ள சிவப்புக் கட்டடம், அதாவது மாநில மத்திய நூலகம், அவர் பெயரில் எழுப்பிய நினைவு மண்டபம். முன்னால் அவர் சிலையும் நிற்கிறது. நம்மில் பலர் அந்த வழியாக எத்தனையோ தடவை போயிருப்போம். உள்ளே போனவர்கள் கை தூக்கலாம்.

நம் பெரியவர்கள் செய்ததைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வதற்காக நான் இதைச் சொல்லவில்லை. பெருமை பேசுவது சுலபம். பக்கத்துத் தெருக் கிளை நூலகத்துக்கு நடந்து போவதுதான் சிரமமாக இருக்கிறது.

போனால் என்ன கிடைக்கும்? உட்கார்ந்து பேப்பர் படிக்க அங்கத்தினராகக்கூட இருக்க வேண்டாம். வீட்டுக்குப் புத்தகம் எடுத்து வர, முகவரிச் சான்றும் ஒரு சிறு வைப்புத் தொகையும் போதும். அந்தத் தொகையும் விலகும்போது திரும்ப வரும். பல நூலகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, ஞாயிறு கிடையாது என்பதை ஞாபகத்தில் வையுங்கள். நடக்க முடியாதவர்களுக்கு, 2020-இல் நூலகத் துறை ஆரம்பித்த மின் நூலகம் இருக்கிறது. பேரனோ பேத்தியோ கைபேசியில் ஏற்றித் தந்துவிடுவார்கள். கர்நாடகத்தில் வசிக்கும் பெண்களுக்கு 2023 ஜூன் முதல் சாதாரண பஸ்களில் கட்டணம் இல்லை. ஆகவே மாமிகள் கப்பன் பார்க் வரைக்கும் செலவில்லாமல் போய் வரலாம். மாமாக்கள் கூடப் போனால் டிக்கெட் எடுக்க வேண்டும், பரவாயில்லை.

இதில் புத்தகத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நம் அங்கத்தினர் வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில், பெரியவர்கள் இங்கே தனியாக என்பது சகஜமாகிவிட்டது. காலையில் குளித்து, சந்தியாவந்தனம் முடித்து, காபி குடித்தபின் நாள் நீளமாக இருக்கிறது. தினமும் பத்து மணிக்குப் போய் உட்கார ஓர் இடம், இரண்டு நாள் வராவிட்டால் 'ஏன் காணோம்?' என்று கேட்க நான்கு பேர்: இதைப் பணம் கொடுத்து வாங்க முடியாது. அப்படியும் போக முடியாமல் தவிப்பவர்களுக்கு 14567 என்ற எண்ணைச் சொல்லி வையுங்கள். முதியோருக்காக 2021 முதல் இருக்கும் இலவசத் தொலைபேசி உதவி அது.

'அங்கே தமிழ்ப் புத்தகமே இல்லையே' என்பீர்கள். நான் போகும் கிளையிலும் தமிழ் அலமாரி ஒன்றுதான். அதிலும் பழசே அதிகம். ஆனால் யோசியுங்கள். தமிழ்ப் புத்தகம் வேண்டும் என்று எழுதிக் கேட்பவர் பத்துப் பேர்கூட இல்லாதபோது யாருக்காக வாங்குவார்கள்? வசூலித்த செஸ்ஸை மாநகராட்சி நூலகத் துறைக்குக் கொடுக்காமல் பாக்கி வைத்திருப்பதாகப் பத்திரிகைகளில் பல முறை செய்தி வந்தது. உபயோகிக்கிறவன்தான் கணக்குக் கேட்க முடியும். வாசலையே மிதிக்காதவனுக்கு எந்த வாய் இருக்கிறது? அது வரைக்கும் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் தமிழ்ச் சங்கத்து நூலகம் இருக்கிறது. பசவனகுடிக்காரர்களுக்கு, பி.பி. வாடியா 1945-இல் ஆரம்பித்த உலகப் பண்பாட்டுக் கழகத்தின் நூலகம் நடக்கிற தூரம்தான்.

நாம் பிழைப்பது கன்னட நாட்டில். நூலகத்தில் உட்கார்ந்து கன்னடப் பேப்பரை எழுத்துக் கூட்டிப் படித்துப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் சந்தோஷமாகச் சொல்லிக் கொடுப்பார். பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கும்.

நான் கேட்பது மூன்றே விஷயம். ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவராவது இந்த மாதத்துக்குள் பேட்டைக் கிளை நூலகத்தில் அங்கத்தினராக வேண்டும். சேர்ந்ததும் தமிழ்ப் புத்தகம் கேட்டு எழுத்தில் கொடுக்க வேண்டும். சங்கமே ஒரு பட்டியல் தயாரித்தால் இன்னும் நல்லது. மூன்றாவது, பெரியவர் காலமான வீட்டில் அவர் சேர்த்த புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுமுன், எந்த நூலகத்துக்கு எது வேண்டும் என்று கேட்டுக் கொடுக்க வேண்டும்.

சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அடுக்கி, சந்தனம் குங்குமம் இட்டு, அன்று படிக்காமல் இருப்பது நம் வழக்கம். மறுநாள் புனர்பூஜை முடிந்ததும் எடுத்துப் படிக்க வேண்டும் என்பதும் அதே வழக்கம்தான். பல வீடுகளில் அந்த மறுநாள் இன்னும் வரவில்லை. நாளைக்கே வரட்டும்.