உழவர் சந்தையில் பார்த்து வாங்குவோம்



1999 நவம்பர் 14-ல் மதுரையில் முதல் உழவர் சந்தை தொடங்கியது. இடைத்தரகர் இல்லாம விவசாயியே நேரா விற்கணும் என்பதுதான் நோக்கம்.

உள்ளே போனதும் முதலில் விலைப் பலகையைப் பாருங்க. அன்றைய விலை அதில் இருக்கும். படிக்கத் தெரியாத உறுப்பினருக்கும் படிச்சுச் சொல்லுங்க. காய் வைக்கும் முன்னாடி தராசு முள் நேரா நிக்குதா, மின்னணுத் தராசுன்னா பூஜ்யம் காட்டுதான்னு கவனிங்க. மலிவுன்னு தக்காளியை அள்ளி வந்து அழுக விட்டா அது லாபமில்லை. தேவையானதை எழுதிட்டுப் போங்க.

பலகை விலைக்கு மேல கொடுக்க வேண்டாம். அடிமாட்டு விலைக்குக் கேட்கவும் வேண்டாம். விற்கிறவங்களும் நம்மைப் போலக் குழு உறுப்பினரா இருக்கலாம். மிச்சமாகிற பத்து ரூபாயை அன்றைக்கே சேமிப்புக்கு எடுத்து வையுங்க. வாரச் சந்தாவுக்குக் கைமாத்து வாங்க வேண்டியிருக்காது.