பெயர் பெற்ற நாய்

நாய் விற்ற காசு குரைக்குமா என்பது நம் நாட்டுப் பழமொழி. காசு குரைப்பதில்லை, மெய்தான். ஆனால் அக்காசைக் கொடுத்து நாயை வாங்கிச் சென்றவர் இல்லத்தில் நிகழ்வது என்ன? இன்று நாம் எண்ணிப் பார்க்க விரும்புவது அதனையே.

வெவ்வேறு இனத்து நாய்களைச் சேர்த்துக் குட்டிகளை உண்டாக்கி, இரண்டின் பெயரையும் ஒட்டிப் புதுப்பெயர் சூட்டி மிகுந்த விலைக்கு விற்கும் வழக்கம் மேலை நாடுகளில் பெருகியுள்ளது. லாப்ரடாரும் பூடிலும் கூடியது லாப்ரடூடில். காக்கர் ஸ்பானியலும் பூடிலும் கூடியது காக்கப்பூ.

லாப்ரடூடில் புகழ்பெற்ற வரலாறு கருணையில் தொடங்குகிறது. பார்வையிழந்தோர்க்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் ஆஸ்திரேலியச் சங்கம் ஒன்றில் வாலி கான்ரன் என்பார் பணியாற்றினார். 1980-களில் ஹவாய்த் தீவுப் பெண்மணி ஒருவர் அவரிடம் வழிகாட்டு நாய் வேண்டினார். அவர் கணவருக்கோ நாய் மயிர் ஒவ்வாது. மயிர் அதிகம் உதிராத பூடில் நாய்களைப் பழக்கிப் பார்த்தும் பயன் விளையாமையால், கான்ரன் பூடிலையும் லாப்ரடாரையும் இணைத்தார். பிறந்த மூன்று குட்டிகளுள் ஒன்று அக்கணவருக்கு ஒத்துக்கொண்டது. ஆயினும் கலப்பினக் குட்டிகளை வளர்க்க எவரும் முன்வரவில்லை. புதிய பெயர் ஒன்றைச் சூட்டி அறிவித்ததும் வேண்டுவோர் தொகை பெருகிற்று!

சொற்களோடு பழகுவதையே தொழிலாகக் கொண்ட நமக்கு இஃது ஓர் எச்சரிக்கையாகவே தோன்றுகிறது. நேற்றுவரை வேண்டாதிருந்த குட்டியை ஒரு சொல் விரும்பத்தக்கதாக்கிவிட்டது. அச்சொல்லைப் பற்றிக்கொண்டு, பெற்றோரின் நலம் பாராமல் குட்டிகளை உற்பத்தி செய்வோரும் பெருகினர். அந்நாயை உண்டாக்கியதற்காகத் தாம் வருந்துவதாகக் கான்ரனே 2019-இல் வெளிப்படையாகக் கூறினார்.

இவ்வினங்களைப் பற்றிய நம்பிக்கைகள் மூன்று. முதலாவது, இவை ஒவ்வாமை விளைக்கா என்பது. ஒவ்வாமைக்குக் காரணமான பொருள் நாயின் உமிழ்நீரிலும் தோற்செதிளிலும் உள்ளது. லாப்ரடூடில் மயிரில் அப்பொருள் பிற நாய்களைவிடக் குறைவாயில்லை என நெதர்லாந்து ஆய்வாளர் 2012-இல் கண்டனர்.

இரண்டாவது, கலப்பினம் நோயற்றது என்பது. பெற்றோர் இருவரும் ஒரே நோயின் கூற்றை மறைவாகத் தாங்கியிருப்பின், கலப்பு குட்டியைக் காவாது. பார்வையைச் சிறிதுசிறிதாக அழிக்கும் விழித்திரை நோய் ஒன்று பூடிலுக்கும் உண்டு, லாப்ரடாருக்கும் உண்டு. இடுப்பு மூட்டுக் கோளாறும் அவ்வாறே. பிரிட்டனில் மூவகைக் கலப்பினங்களை அவற்றின் பெற்றோர் இனங்களோடு ஒப்பிட்டு 2024-இல் வெளியான ஆய்வு, பெரும்பாலான நோய்களில் வேறுபாடு இல்லை என்றே காட்டியது.

மூன்றாவது, இவை சாதுவானவை என்பது. அதே நாட்டில் நடத்தையை ஆராய்ந்தபோது, காக்கப்பூவைப் பெற்றோர் இனங்களோடு வைத்துச் செய்த 24 ஒப்பீடுகளுள் 16-இல் அதுவே தாழ்ந்து நின்றது. லாப்ரடூடிலின் நிலை அத்துணை மோசமில்லை. பூடில் நீரில் வீழ்ந்த வேட்டைப் பறவையைக் கவ்விவரப் பழகிய இனம். ஸ்பானியல் புதர்களில் பறவையைக் கிளப்பும் இனம். ஓட்டமும் வேலையும் விழையும் இவ்விரண்டின் குட்டியை நாள் முழுதும் அறைக்குள் தனியே விடுத்தால் அது அமைதியாயிருக்குமா? சுருண்ட மயிரையும் அடிக்கடி சீவவேண்டும். தவறினால் சடை பற்றித் தோல் புண்ணாகும்.

கலப்பினமெல்லாம் தீதென நாம் கூறவில்லை. அன்பும் நலமும் மிக்க குட்டிகள் அவற்றுள் பல. நாய்க்குட்டி ஒன்றை இல்லத்திற்குக் கொணர எண்ணுவோமாயின், பெயரைக் கேட்பதற்கு முன் தாயைக் காட்டுமாறு கேட்போம். பெற்றோர் இரண்டின் கண்ணும் இடுப்பும் சோதிக்கப்பட்ட சான்றைக் கேட்போம். பிறகு, அதனோடு செலவிட நமக்கு நேரமுண்டா என்று நம்மையே கேட்போம். விற்றவர் காசு குரைக்காது; பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் நம்மை நம்பி வாழப்போகும் அவ்வுயிர் குரைக்கும். அதன் நோவுக்கும் அச்சத்திற்கும் விடை சொல்லவேண்டியவர் நாமே.