கோமாளியின் மொழி



1999ஆம் ஆண்டு ஜார்ஜ் லூக்காஸின் ‘தி பேண்டம் மெனஸ்’ வெளிவந்தபோது, 16 ஆண்டுகள் காத்திருந்த ‘ஸ்டார் வார்ஸ்’ சுவைஞர் பலர் ஏமாற்றமடைந்தனர். ஜார் ஜார் பிங்க்ஸ் என்னும் கோமாளிப் பாத்திரத்தின்மீதே சினம் மிகுந்தது. மைக் நிக்கல்ஸ் என்னும் படத்தொகுப்பாளர் ஏறத்தாழ 20 நிமிடங்களை வெட்டி மறுதொகுப்பு ஒன்றைச் செய்தார். இதனை இடைச்செருகல் நீக்கிய பதிப்பு என எண்ணலாகாது. நீக்கப்பட்டவை மூல ஆசிரியரே அமைத்த காட்சிகள்.

மொழியியல் பயின்ற என்னை ஈர்த்தது வேறொரு மறுதொகுப்பு. அதில் ஜார் ஜாரின் குரல் பொருள் விளங்கா வேற்றுலக ஒலியாக்கப்பட்டு, திரையின் அடியில் புதிய வசனவரிகள் இடப்பட்டன. உடலசைவு மாறவில்லை, கோமாளி அறிவாளியானான்!

மூலத்தில் அவன் பேசுவது கரிபியக் கிரியோலை நினைவூட்டும் ஆங்கிலம் எனத் திறனாய்வாளர் பலர் அன்றே கண்டித்தனர். ‘நான்’ என்பதற்கு ‘மீசா’ என்பான். ‘நீ’ என்பதற்கு ‘யூசா’ என்பான். மூவிடப்பெயர்களோடு ‘சா’ விகுதி ஒழுங்காகச் சேர்கிறது. இலக்கணமுள்ள பேச்சுத்தான். அவனுக்கு மதிப்பளிக்க விரும்பிய சுவைஞரும் அப்பேச்சை அழித்த பின்னரே அளித்தனர். ‘மீசா’ என்று சொல்லிக்கொண்டே அவன் அறிவுரை கூறும் மறுதொகுப்பை நான் இதுவரை கண்டதில்லை.